பிழை வந்தால்தான் பாஸ்: வெப் சர்வீஸ் டெஸ்டிங்கில் பிழைகளைக் கையாளும் அமைப்புகள்

வேலையில் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகாத ஒரு தங்கை, தன் முதல் டெஸ்டை ஓட்டிவிட்டு என் மேசைக்கு வந்து நின்றாள். பணப் பரிமாற்றம் செய்யும் ஒரு வெப் சர்வீஸ், அதாவது ஒரு மென்பொருள் இணையம் வழியாக இன்னொரு மென்பொருளிடம் வேலை கேட்கும் சேவை. பெறுபவரின் கணக்கு எண்ணை வேண்டுமென்றே காலியாக விட்டு அனுப்பிப் பார்க்கச் சொல்லியிருந்தேன்.

“அக்கா, சர்வர் விழுந்துடுச்சு போல. 500 வருது, சிவப்பா காட்டுது. டிஃபெக்ட் போட்டுடவா?”

“இரும்மா. பதிலைத் திற. உள்ளே என்ன இருக்கு?”

“ஃபால்ட்னு ஏதோ... ‘பெறுபவர் கணக்கு எண் இல்லை’ன்னு இருக்கு.”

“நீ என்ன அனுப்பின?”

“கணக்கு எண் இல்லாம.” கொஞ்ச நேரம் திரையையே பார்த்தாள். “அப்ப சர்வர் சரியாத்தானே சொல்லியிருக்கு?”

ஆமாம், சர்வர் சரியாகத்தான் சொன்னது. தப்பாகச் சொன்னது எங்கள் டெஸ்ட். எந்தப் பிழை நாம் எதிர்பார்த்த பதில், எந்தப் பிழை உண்மையான கோளாறு என்று டெஸ்டிங் கருவிக்குத் தானாகத் தெரியாது. அதை நாம்தான் அமைத்துக் கொடுக்க வேண்டும். இதைச் செய்யாமல் நூற்றுக்கணக்கில் டெஸ்ட் எழுதி வைத்திருக்கும் இடங்களைப் பார்த்திருக்கிறேன். அங்கே சிவப்பையும் யாரும் நம்புவதில்லை, பச்சையையும் நம்பக்கூடாது.

நான்கு விதமான ‘இல்லை’

நண்பர் ஒருவரிடம் கடன் கேட்கப் போன் போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். “நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் தொடர்பு எல்லைக்கு வெளியே உள்ளார்” என்று பதிவுக் குரல் வரலாம். யாரோ எடுத்து “ராங் நம்பருங்க” என்று வைத்துவிடலாம். நண்பரே எடுத்து “இந்த மாசம் கையில காசு இல்லப்பா” என்று சொல்லலாம். நான்காவதாக ஒன்று உண்டு: அவர் எடுத்தார், நீங்கள் விஷயத்தைச் சொல்லிவிட்டீர்கள், அவர் பதில் சொல்வதற்குள் லைன் கட்டாகிவிட்டது. கேட்டாரா, பணம் அனுப்பப் போகிறாரா, உங்களுக்குத் தெரியாது.

வெப் சர்வீஸிலும் இதே நான்குதான். முதலாவது நெட்வொர்க் பிழை. சர்வரைப் போய்ச் சேரவே இல்லை; எச்டிடிபி எண் (பதிலோடு சர்வர் அனுப்பும் மூன்று இலக்க நிலைக் குறி) என்ற ஒன்றே வராது. இரண்டாவது எச்டிடிபி அளவிலான பிழை: முகவரி தவறானால் 404, அடையாளச் சான்று இல்லாவிட்டால் 401, அனுமதி இல்லாவிட்டால் 403, அளவுக்கு மீறி அழைத்தால் 429, சேவை தற்காலிகமாக இல்லாவிட்டால் 503. மூன்றாவது தொழில்விதிப் பிழை: கணக்கில் இருப்புப் போதவில்லை, கணக்கு முடக்கப்பட்டிருக்கிறது, தேதி தவறு. சர்வர் நன்றாக இயங்குகிறது, யோசித்துத்தான் ‘முடியாது’ என்கிறது. நான்காவது டைம்அவுட்: குறித்த நேரத்துக்குள் பதில் வரவில்லை.

டெஸ்ட் எழுதும்போது ஒவ்வொன்றுக்கும் வேறு வேறு நடவடிக்கை தேவை. இருப்புப் போதாத கணக்கிலிருந்து பணம் அனுப்பும் டெஸ்டில் மூன்றாவது வகைப் பிழை வந்தால் பாஸ். அதே டெஸ்டில் முதல் வகை வந்தால் அது பாஸும் இல்லை, சர்வீஸில் உள்ள குறையும் இல்லை. டெஸ்ட் நடக்கவே இல்லை என்று அர்த்தம். இந்த நான்கு வகையையும் ஒரே சிவப்பில் போட்டால் காலையில் வந்து ரிப்போர்ட் பார்ப்பவருக்கு எங்கே தொடங்குவது என்றே தெரியாது.

ஃபால்ட்டைக் கிட்டத்தில் பார்ப்போம்

வங்கி, காப்பீடு, அரசு அலுவலகங்களின் பழைய அமைப்புகளில் சோப் என்ற நெறிமுறை இன்னும் பரவலாக இருக்கிறது. எக்ஸ்எம்எல் என்ற குறியீட்டு வடிவில் ஓர் உறை செய்து, அதற்குள் செய்தியை வைத்து அனுப்பும் முறை. அதன் 1.1 பதிப்பை, இணையத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பு 2000-ம் ஆண்டு குறிப்பாக வெளியிட்டது, 1.2 பதிப்பு 2003-ல் முறையான பரிந்துரையாக வந்தது. இரண்டும் பிழையைச் சொல்லும் விதம் வேறு. புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

1.1-ல் பிழையைச் சொல்லும் ஃபால்ட் என்ற பகுதிக்குள் நான்கு துண்டுகள்: ஃபால்ட்கோட், ஃபால்ட்ஸ்ட்ரிங், ஃபால்ட்ஆக்டர், டீடெயில். ஃபால்ட்கோட் பெரும்பாலும் ‘கிளையன்ட்’ அல்லது ‘சர்வர்’ என்று தொடங்கும். கிளையன்ட் என்றால் அனுப்பியவர் மேல் தவறு. அதையே மறுபடி அனுப்பினால் மறுபடியும் அதே பதில்தான் வரும். சர்வர் என்றால் பெற்ற பக்கத்தில் சிக்கல். கொஞ்ச நேரம் கழித்து அனுப்பினால் வேலை செய்யக்கூடும். ஃபால்ட்ஸ்ட்ரிங் மனிதர் படிப்பதற்கு. டீடெயில் பகுதியில்தான் அந்த நிறுவனத்துக்கே உரிய பிழை எண் இருக்கும்.

1.1 விதிப்படி, எச்டிடிபி வழியாகப் போகும்போது எந்த ஃபால்ட்டாக இருந்தாலும் 500 என்ற எண்ணோடுதான் வரவேண்டும். தவறு உங்கள் பக்கம் இருந்தாலும் 500-தான். அந்தத் தங்கை ‘சர்வர் விழுந்துவிட்டது’ என்று நினைத்ததற்குக் காரணம் இதுவே. மற்ற இணையச் சேவைகளில் 500 என்றால் சர்வர் தடுமாறிவிட்டது என்று பொருள், சோப் 1.1-ல் 500 என்பது வெறும் உறை, சேதி உள்ளே இருக்கிறது.

1.2-ல் பெயர்கள் மாறின. கிளையன்ட் என்பது ‘சென்டர்’ ஆனது, சர்வர் என்பது ‘ரிசீவர்’ ஆனது. கோட், ரீஸன், டீடெயில் என்று துண்டுகளின் பெயரும் மாறியது. கூடவே, அனுப்பியவர் தவறாக இருந்தால் எச்டிடிபி எண் 400 என்றும் மற்ற ஃபால்ட்டுகளுக்கு 500 என்றும் பிரித்தார்கள். ஆகவே சர்வீஸ் எந்தப் பதிப்பு என்று பார்க்காமல் ‘500 வரவேண்டும்’ என்று டெஸ்டில் எழுதிவிட்டால், பதிப்பு மாறிய அன்று சரியான பதில்களெல்லாம் சிவப்பாகிவிடும்.

எக்ஸ்எம்எல்லுக்குப் பதில் ஜேஸன் என்ற எளிய வடிவில் தரவை அனுப்பும் புதிய சேவைகளுக்கும் இப்போது பிழை சொல்லப் பொதுவான ஒரு வடிவம் இருக்கிறது. 2016-ல் ஆர்எஃப்சி 7807 என்ற இணையத் தர ஆவணமாக வந்தது, 2023-ல் அதன் இடத்தை ஆர்எஃப்சி 9457 பிடித்தது. டைப், டைட்டில், ஸ்டேட்டஸ், டீடெயில், இன்ஸ்டன்ஸ் என்று ஐந்து புலங்கள். உங்கள் டீம் ஒரு புதிய சேவையை இனிமேல்தான் வடிவமைக்கிறது என்றால், இதையே பின்பற்றச் சொல்லி டெவலப்பர்களை விடாமல் கேளுங்கள். ஒவ்வொரு சேவையும் தன் இஷ்டத்துக்குப் பிழை சொன்னால், டெஸ்ட் எழுதுகிறவரும் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பழக வேண்டியிருக்கும்.

கருவிக்குக் கருவி மனசு வேறு

அந்தத் தங்கை பயன்படுத்தியது ஜேமீட்டர். 4, 5 என்று தொடங்கும் எச்டிடிபி எண் எது வந்தாலும் ஜேமீட்டர் அதைத் தோல்வி என்றே எடுத்துக்கொள்ளும். பிழையை எதிர்பார்க்கும் டெஸ்டுக்கு இது ஒத்துவராது. ரெஸ்பான்ஸ் அசெர்ஷன் என்ற உறுப்பைச் சேர்த்து (அசெர்ஷன் என்றால் பதில் இப்படித்தான் இருக்க வேண்டும் என்று நாம் வைக்கும் சரிபார்ப்பு), அதில் ‘இக்னோர் ஸ்டேட்டஸ்’ என்ற கட்டத்தை டிக் செய்ய வேண்டும். ‘எண்ணைப் பார்த்து நீயாக முடிவு பண்ணாதே, நான் சொல்வதைச் சரிபார்’ என்று அதற்கு அர்த்தம். பிறகு அதே அசெர்ஷனில் எச்டிடிபி எண் 500-தானா என்று கேட்கலாம். அடுத்த அசெர்ஷனில் ஃபால்ட்கோட் கிளையன்ட்தானா, டீடெயிலில் உள்ள பிழை எண் நாம் எதிர்பார்த்ததுதானா என்று கேட்கலாம்.

அந்த டிக்கில் ஒரு கண்ணி இருக்கிறது. அது அதற்கு முன்னால் நடந்த அசெர்ஷன்களின் தோல்வியையும் அழித்துவிடும். மூன்று அசெர்ஷன் வைத்து, மூன்றாவதில் இந்த டிக்கைப் போட்டால், முதல் இரண்டில் கண்டுபிடித்த தவறு காணாமல் போய்விடும். வரிசையில் முதலாவதாக இருக்கும் அசெர்ஷனில் மட்டும் அதைப் போடுங்கள்.

சோப்யூஐ என்ற கருவி இந்த வேலைக்கென்றே பிறந்தது. அதில் ‘சோப் ஃபால்ட்’, ‘நாட் சோப் ஃபால்ட்’ என்று இரண்டு அசெர்ஷன்கள் தயாராக இருக்கின்றன. பிழை வரவேண்டிய டெஸ்டில் முதலாவது, வரக்கூடாத டெஸ்டில் இரண்டாவது. ஆனால் ‘சோப் ஃபால்ட்’ அசெர்ஷனோடு நின்றுவிடாதீர்கள். அது ஏதாவது ஒரு ஃபால்ட் வந்தாலே திருப்தியாகிவிடும். கணக்கு எண் இல்லை என்ற பிழையை எதிர்பார்த்தீர்கள், வந்ததோ ‘டேட்டாபேஸ் இணைப்பு இல்லை’ என்ற பிழை. இரண்டும் ஃபால்ட்தான், டெஸ்ட் பச்சைதான். எக்ஸ்எம்எல்லில் ஒரு குறிப்பிட்ட இடத்தை எடுத்து ஒப்பிடும் எக்ஸ்பாத் மேட்ச் அசெர்ஷன் ஒன்றைச் சேர்த்து, எந்தப் பிழை எண் என்பதையும் பிடித்துச் சரிபார்க்க வேண்டும். ஃபால்ட்ஸ்ட்ரிங்கின் வாக்கியத்தை அப்படியே ஒப்பிடுவது எனக்குப் பிடிக்காது. யாராவது ஒரு நிறுத்தற்குறியைத் திருத்தினாலும் டெஸ்ட் உடையும். எண்ணை ஒப்பிடுங்கள், வாக்கியம் காலியாக இல்லை என்பதை மட்டும் பாருங்கள்.

போஸ்ட்மேன் என்ற கருவி நேர் எதிர் குணம். நீங்கள் ஸ்கிரிப்டில் டெஸ்ட் என்று எதையும் எழுதாவிட்டால், 500 வந்தாலும் அது பதறாது. பதில் வந்தது, அவ்வளவுதான். கட்டளை வரியிலிருந்து ரிக்வெஸ்ட் அனுப்பக் கர்ல் என்ற கருவியைப் பயன்படுத்துகிறவர்களும் இதைக் கவனிக்க வேண்டும். சர்வர் 500 கொடுத்தாலும் கர்ல் தன் வேலை முடிந்ததாக 0 என்றே திருப்பும். ‘ஃபெயில்’ என்ற விருப்பத்தைச் சேர்த்தால்தான் 400-க்கும் அதற்கு மேற்பட்ட எண்களுக்கும் 22 என்ற தோல்விக் குறியைத் திருப்பும். இது தெரியாமல் எழுதிய ஸ்கிரிப்டுகள் பல ஆண்டுகள் எல்லாவற்றுக்கும் சரி சொல்லிக்கொண்டே ஓடும். எந்தக் கருவியானாலும் முதல் நாளே, அது எதைத் தோல்வி என்று கருதுகிறது என்று பார்த்துவிடுங்கள்.

200 சொல்லும் பொய்

சிவப்பு தப்பாக வந்தால் யாராவது கவனிப்பார்கள். பச்சை தப்பாக வந்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள்.

முன்பு நான் இருந்த ஒரு டீமில் இரவில் ஓடும் டெஸ்டுகள் நான்கைந்து நாளாக முழுப் பச்சை. எல்லோருக்கும் சந்தோஷம். ஐந்தாம் நாள் ஒரு பதிலைத் தற்செயலாகத் திறந்து பார்த்தேன். உள்ளே இருந்தது லாகின் பக்கத்தின் எச்டிஎம்எல். டெஸ்ட் பயனரின் பாஸ்வேர்ட் காலாவதியாகியிருந்தது. எந்தச் சேவையை அழைத்தாலும் சர்வர் லாகின் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது. லாகின் பக்கம் ஒழுங்காக 200, அதாவது ‘எல்லாம் சரி’ என்று பதில் தந்தது. எங்கள் டெஸ்டுகள் பார்த்தது 200-ஐ மட்டும். அந்த நான்கு நாளில் ஒரு டெஸ்ட்கூட உண்மையில் நடக்கவில்லை. அந்த நாட்களில் சேர்ந்த மாற்றங்களை எல்லாம் மறுபடி சரிபார்க்க ஒரு வாரம் போனது.

பிழையையே 200-க்குள் வைத்து அனுப்பும் சேவைகளும் நிறைய உண்டு: எச்டிடிபி எண் 200, உள்ளே ஸ்டேட்டஸ் என்ற புலத்தில் ‘தோல்வி’. அதனால் ஒவ்வொரு டெஸ்டிலும் குறைந்தது மூன்றைப் பார்க்கும்படி அமைக்கச் சொல்வேன்: எண் சரியா, பதிலின் வகை எக்ஸ்எம்எல் அல்லது ஜேஸன்தானா, உள்ளே எதிர்பார்த்த புலம் எதிர்பார்த்த மதிப்போடு இருக்கிறதா. சோப்யூஐயில் ‘ஸ்கீமா கம்ப்ளையன்ஸ்’ என்ற அசெர்ஷன் பதிலின் வடிவத்தை டபிள்யூஎஸ்டிஎல் என்ற ஒப்பந்தத்தோடு (சேவை எதை வாங்கும், எதைத் தரும் என்று சொல்லும் கோப்பு) ஒப்பிட்டுவிடும். அது இருந்திருந்தால் எங்கள் லாகின் பக்கம் முதல் இரவே மாட்டியிருக்கும்.

ஒரே நேரத்தில் ஏராளமான ரிக்வெஸ்டுகளை அனுப்பிப் பார்க்கும் லோடு டெஸ்ட் செய்பவர்களுக்கும் இதில் ஒரு சேதி இருக்கிறது. பிழைப் பதில்கள் பெரும்பாலும் வேகமாக வந்துவிடும். டேட்டாபேஸைத் தொடாமலே வாசலில் நின்று 503 சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? பாதி ரிக்வெஸ்டுகள் அப்படித் திரும்பினால் சராசரி பதில் நேரம் அருமையாகத் தெரியும். வெற்றிகளின் நேரத்தையும் தோல்விகளின் நேரத்தையும் பிரித்துப் பாருங்கள்.

தோற்ற பிறகு என்ன?

ஒரு படி தோற்றால் டெஸ்ட் தொடர வேண்டுமா, நிற்க வேண்டுமா? ஜேமீட்டரின் த்ரெட் குரூப்பில் (ஒவ்வொரு த்ரெட்டும் ஒரு பயனர் போல ரிக்வெஸ்ட் அனுப்பும்) இதற்கு ஐந்து தெரிவுகள்: தொடரலாம், அடுத்த சுற்றுக்குப் போகலாம், அந்த த்ரெட்டை மட்டும் நிறுத்தலாம், டெஸ்டையே முறைப்படி நிறுத்தலாம், உடனடியாக நிறுத்தலாம். சோப்யூஐயில் டெஸ்ட் கேஸின் விருப்பங்களுக்குள் முதல் பிழையிலேயே நிறுத்தும் தேர்வு இருக்கிறது. போஸ்ட்மேனின் கட்டளை வரித் துணையான நியூமேனில் அதற்குப் ‘பெயில்’ (bail) என்று பெயர்.

என் வழக்கம் இது. ஒன்றை ஒன்று சார்ந்த படிகள் என்றால் நிறுத்து. லாகின் ஆகவில்லை என்றால் அதன் பிறகு வரும் இருபது படிகளும் தோற்கும். இருபத்தொரு சிவப்பில் எது மூலம் என்று தேட வேண்டியிருக்கும். தனித்தனியான டெஸ்டுகள் என்றால் தொடரட்டும். ஒன்று தோற்றதற்காக மற்றவற்றின் முடிவை ஏன் இழக்க வேண்டும்? லோடு டெஸ்டில் அநேகமாக எப்போதும் தொடரலாம், அல்லது அடுத்த சுற்றுக்குப் போகலாம்.

நிறுத்தினாலும் துப்புரவு நடக்க வேண்டும். பாதியில் நின்ற டெஸ்ட் உருவாக்கிய கணக்கும் ஆர்டரும் அப்படியே கிடந்தால், நாளைய டெஸ்ட் ‘இந்தக் கணக்கு ஏற்கெனவே இருக்கிறது’ என்று தோற்கும். ஜேமீட்டரில் இதற்கென்று டியர்டவுன் த்ரெட் குரூப் இருக்கிறது. டெஸ்ட் நடுவில் நிறுத்தப்பட்டாலும் அது ஓட வேண்டும் என்றால் டெஸ்ட் பிளானில் அதற்கான கட்டத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லைன் கட்டானால்

டைம்அவுட்டை வெறும் தோல்வியாக எழுதிவிட்டுப் போகிறவர்கள் அதிகம். நான்கு வகையிலும் மிகக் கவனம் கேட்பது இதுதான் என்பேன்.

முதலில், டைம்அவுட் என்ற ஒன்றை நீங்கள் அமைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகம் நீங்கள் சொல்லாவிட்டால் எந்த டைம்அவுட்டும் வைத்துக்கொள்வதில்லை. பதில் வராத சர்வருக்காகக் காத்துக்கொண்டே இருக்கும். ஜேமீட்டரில் எச்டிடிபி ரிக்வெஸ்டின் அட்வான்ஸ்ட் பக்கத்தில் கனெக்ட், ரெஸ்பான்ஸ் என்று இரண்டு கட்டங்கள் இருக்கின்றன, மில்லிசெகண்டில் நிரப்ப வேண்டும். இரண்டும் வேறு. சர்வரைத் தொட முடியாமல் போவது கனெக்ட். தொட்ட பிறகு பதில் வராமல் இருப்பது ரெஸ்பான்ஸ். கனெக்ட் டைம்அவுட்டில் உங்கள் ரிக்வெஸ்ட் போய்ச் சேரவில்லை என்று நிம்மதியாக இருக்கலாம். ரெஸ்பான்ஸ் டைம்அவுட்டில் அந்த நிம்மதி இல்லை. பணம் போயிருக்கலாம்.

இது ஏட்டுச் சிக்கல் இல்லை. ‘பணம் கழிஞ்சிடுச்சு, ஆனா போய்ச் சேரல’ என்ற புலம்பலை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். 2019 செப்டம்பரில் இந்திய ரிசர்வ் வங்கி இதற்காகவே ஒரு சுற்றறிக்கை வெளியிட்டது. ஏடிஎம்மில் பணம் வராமல் கணக்கில் மட்டும் கழிந்திருந்தால் 5 நாளுக்குள், யூபிஐயில் ஒருவர் கணக்கில் கழிந்து மற்றவர் கணக்கில் சேராவிட்டால் அடுத்த நாளுக்குள் திருப்ப வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு.

டைம்அவுட் ஆனதும் கிளையன்ட் என்ன செய்யும்? மறுபடி அனுப்பும். எச்டிடிபி ரிக்வெஸ்ட் வகைகளில் கெட், புட், டிலீட் ஆகியவற்றை எத்தனை முறை அனுப்பினாலும் விளைவு ஒருமுறை அனுப்பியது போலவே இருக்க வேண்டும் என்பது விதி. போஸ்ட் என்ற வகைக்கு அந்த உறுதி இல்லை. சோப் ரிக்வெஸ்டுகள் வழக்கமாகப் போஸ்ட்டில்தான் போகின்றன. அதனால் ஒவ்வொரு பரிமாற்றத்துக்கும் தனிக் குறிப்பு எண் கொடுத்து, அதே எண் மறுபடி வந்தால் பணத்தை மறுபடி கழிக்காமல் பழைய பதிலையே தரும்படி சேவையை எழுதுவார்கள்.

இதைச் சோதிக்கும் டெஸ்டை நானே எழுதி வைத்திருக்கிறேன். கணக்கில் 1,000 ரூபாய். 300 ரூபாய் அனுப்பும் ரிக்வெஸ்ட், டைம்அவுட் மிகக் குறைவாக. பதில் வருவதற்குள் லைன் கட். அதே குறிப்பு எண்ணோடு, போதிய டைம்அவுட் கொடுத்து மறுபடி அனுப்பு. கடைசியில் இருப்பைக் கேள். 700 என்றால் பாஸ். 400 என்றால் இரண்டு முறை கழித்துவிட்டது. அன்று மாலைக்குள் டெவலப்பரோடு உட்கார்ந்தே ஆக வேண்டும். இந்த டெஸ்டில் முதல் படியின் டைம்அவுட் எதிர்பார்த்த ஒன்று என்பதால், அந்தப் படியின் தோல்வி மொத்த டெஸ்டையும் நிறுத்திவிடாதபடி அமைக்க மறக்காதீர்கள். உங்கள் சேவை பின்னால் இருக்கும் இன்னொரு சேவையை நம்பியிருந்தால், அந்த இடத்தில் வயர்மாக் போன்ற போலிச் சர்வரை வைக்கலாம். பதிலை வேண்டிய அளவு தாமதிக்கவும், இணைப்பைப் பாதியில் அறுக்கவும், குப்பைத் தரவை அனுப்பிவிட்டு மூடவும் அதற்குத் தெரியும்.

டெஸ்டிலேயே ‘தோற்றால் மூன்று முறை முயற்சி செய்’ என்று வைக்கும் பழக்கத்தை மட்டும் நான் ஏற்பதில்லை. மூன்றில் ஒருமுறை தோற்கும் சேவை, வாடிக்கையாளருக்கும் மூன்றில் ஒருமுறை தோற்கும். தவிர்க்கவே முடியாது என்றால், முதல் முயற்சி தோற்றதையும் ரிப்போர்ட்டில் காட்டும்படி அமைத்துவிடுங்கள்.

ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். பிழைச் செய்திக்குள் ஸ்டாக் டிரேஸ் (நிரலின் எந்த வரியில் பிழை வந்தது என்ற பட்டியல்), டேட்டாபேஸுக்குப் போகும் எஸ்கியூஎல் வாக்கியம், சர்வரின் ஃபோல்டர் பாதை வரக்கூடாது. தாக்க வருகிறவருக்கு அது வீட்டு வரைபடம். பிழையை எதிர்பார்க்கும் ஒவ்வொரு டெஸ்டிலும் இவை பதிலில் இல்லை என்று பார்க்க ஓர் அசெர்ஷன் போதும்.

எல்லாம் அமைத்த பிறகு, அந்தத் தங்கையிடம் சர்வரை நிறுத்திவிட்டு மொத்த டெஸ்டையும் ஓட்டச் சொன்னேன். எல்லாமே சிவப்பாக வரவேண்டும். ஒன்று மட்டும் பச்சையாக வந்தது. திறந்து பார்த்தோம். எச்டிடிபி எண்ணே இல்லாமல், இணைப்புக் கிடைக்கவில்லை என்ற ஜாவா பிழை மட்டும் இருந்தது. அந்த டெஸ்டில் ‘இக்னோர் ஸ்டேட்டஸ்’ டிக் செய்திருந்தாள். பதிலில் ‘வெற்றி’ என்ற சொல் வரக்கூடாது என்று மட்டும் கேட்டிருந்தாள். சர்வரே இல்லாதபோது ‘வெற்றி’ எங்கிருந்து வரும்? எண் 500-தானா, பிழை எண் அதுதானா என்ற இரண்டு அசெர்ஷன்களைச் சேர்த்து மறுபடி ஓட்டினாள். சிவப்பு. சர்வரை மேலே கொண்டுவந்து ஓட்டினாள். பச்சை.